வலியைச் சொல்ல ஓர் ஆள்

மார்ச் 4

என் ஊமைக்கோட்டானுக்கு,

போனில் உங்கள் வாயிலிருந்து "ம்" தவிர வேறெதுவும் பெயராததால் இந்தக் கடிதம். விடுதி அறை சின்னது. ஜன்னலைத் திறந்தால் கட்டிலில் இடிக்கிறது.

இன்று மொழியியல் வகுப்பில், 'கடல்' என்பதன் முதல் எழுத்தும் 'பகல்' என்பதன் நடு எழுத்தும் ஒரே 'க' என்றாலும் ஒலி வேறு என்றார்கள். ஒன்று வரும் இடத்தில் மற்றது வராது. அதனாலேயே இரண்டையும் ஒன்றாக எண்ண வேண்டுமாம். எனக்கு நம் ஞாபகம்தான் வந்தது. நான் பேசும் இடத்தில் நீங்கள் பேச மாட்டீர்கள். "அவனுக்கில்லாத வாய் இவளுக்கு, நல்ல ஜோடி" என்பாரே உங்கள் அக்கா!

இங்கேயே இன்னும் இரண்டு வருடம் ஆராய்ச்சி செய்யச் சொல்கிறார்கள். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். "உன் இஷ்டம்" என்று எழுதினீர்களோ, தொலைந்தீர்கள்.

உங்கள் வாயாடி

மார்ச் 11

அன்பு வாயாடிக்கு,

"உன் இஷ்டம்" என்றுதான் எழுத வந்தேன், பயந்து அடித்துவிட்டேன்.

வேலைக்குப் போன இடத்தில் லிஃப்டைப் பழுதுபார்க்க மாடி ஏறியபோது நெஞ்சைப் பிடித்தது. டாக்டரிடம் போனேன். "என்ன பண்ணுது?" என்றார். பழக்க தோஷம், பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன். என் பைதான் இருந்தது. என் உடம்புக்கு என்னவென்று எப்போதும் நீதானே சொல்வாய். வாயுத் தொல்லை என்று முணுமுணுத்துவிட்டு, மாத்திரையோடு வந்துவிட்டேன். வலி போகவில்லை. நீ கவலைப்படாதே.

உன் வீட்டுக்காரன்

மார்ச் 15

என்னங்க,

கவலைப்படாதே என்று எழுத எப்படி மனசு வந்தது? போன் செய்து கேட்டால் அதே "ம்". வலிக்கிறதென்றா, இல்லையென்றா?

டாக்டரிடம் நீட்டுங்கள் என்று உங்கள் வலியை நானே ஒரு தாளில் எழுத உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை. நடுவிலா, இடது பக்கமா, கைக்கு இறங்குகிறதா? எனக்கென்ன தெரியும், நான் அங்கே இல்லையே. கெஞ்சிக் கேட்கிறேன், நீங்களே வாயைத் திறங்கள். ஆராய்ச்சி கிடக்கட்டும், வேண்டாமென்று சொல்லிவிடுகிறேன்.

நான்

மார்ச் 19

அன்புள்ளவளே,

போனேன், பேசினேன். நடுவில் பிடிக்கிறது, இடது கைக்கு இறங்குகிறது, படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று ஒன்று விடாமல் சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். ரத்தக் குழாயில் அடைப்பாம். அடுத்த வாரம் ஆபரேஷன்.

ஆராய்ச்சியை விடாதே, சரியென்று சொல்லிவிடு. என் உடம்பைப் பற்றி இனி நானே சொல்லிக்கொள்வேன். எனக்காகப் பேச உன்னைக் கூப்பிடவில்லை.

ஆனாலும் ஒரு நடை வந்துவிட்டுப் போ. எனக்குப் பயமாக இருக்கிறது.

உன்னவன்