வீட்டுக்காரர் நீட்டும் தாள்

ஜூன் 3

அன்புத் தம்பிக்கு,

நலம். முழங்கால் மட்டும் நலமில்லை; அது என்றைக்கு என் பேச்சைக் கேட்டது?

நம் கட்டடத்தை இடித்து உயரமாகக் கட்டப் போகிறார்களாம். காலி செய்யச் சம்மதம் என்று வீடு வீடாகக் கையெழுத்து கேட்கிறார்கள். ஒரு வீடு போட்டுவிட்டால் அதைக் காட்டியே மற்றவர்களை நெருக்குவார்கள். அதனால் குடியிருப்போர் சங்கம் தொடங்கி, ஒரு வக்கீலையும் பிடித்துவிட்டோம். குரல் பெரிது என்பதால் நான் செயலாளர். முதல் வேலையாக, "வீட்டுக்காரர் நீட்டும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்" என்று எழுதிப் படிக்கட்டில் ஒட்டினேன்.

மறுநாள் மாடிவீட்டு நர்ஸின் கணவர் வந்து நிற்கிறார். "ஏங்க, பேங்க் தாள்ல இவ கையெழுத்துப் போடமாட்டேங்கிறா. கேட்டா சங்கத்துல சொல்லியிருக்காங்கங்கிறா. நான் என்னங்க தப்பு பண்ணேன்?"

வீட்டுக்காரர் என்றால் புருஷனும்தானே. கல்யாணமே பண்ணிக்கொள்ளாதவளுக்கு அது எங்கே உறைக்கும்? திருத்தலாம் என்று போனால், பெண்கள் எல்லாரும் "அப்படியே இருக்கட்டும்க்கா" என்கிறார்கள்.

அப்பாவுக்குப் பிறகு நம் வீட்டு வாடகை ஒப்பந்தம் உன் பெயரில் இருக்கிறது. உன்னைத் தேடி வருவார்கள்.

அன்புடன்,
அக்கா

ஜூன் 14

அக்கா,

கட்டடத்தின் வீட்டுக்காரரே தேடி வந்துவிட்டார். கையெழுத்துப் போட்டால் புதுக் கட்டடத்தில் எனக்கு ஒரு வீடு என்கிறார். என் மனைவி ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்கவே ஆரம்பித்துவிட்டாள். நாங்கள் இருக்கும் இந்த இரண்டு அறையை நீ பார்த்திருக்கிறாய். உனக்கும் அங்கே ஓர் அறை உண்டு. கொஞ்சம் யோசி.

தம்பி

ஜூன் 20

தம்பிக்கு,

யோசித்தேன். உன் வீட்டு அறையில் நான் அடங்கிவிடுவேன். தையல் மெஷினும், பாவாடைக்கு நாடா கோக்கக்கூட என்னிடமே வரும் இந்த ஜனங்களும் அடங்க மாட்டார்கள்.

நேற்றுக் கூட்டத்தில் ஒவ்வொரு வீடாக எழுந்து, "நாங்க போடமாட்டோம்" என்றார்கள். என் முறை வந்தது. "எங்க வீட்டுக்கு நான் பதில் சொல்ல முடியாது" என்றேன். நர்ஸ் என்னையே பார்த்தாள். "நோட்டீஸ் எழுதினதே நீங்கதானேக்கா?"

கோபமில்லை. போடுவதென்றால் முன்னாலேயே சொல்லிவிடு. நோட்டீஸை வேறு கையெழுத்தில் எழுதச் சொல்கிறேன்.

அக்கா

ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

அவர் நேற்று மறுபடி வந்தார். உன் இரண்டாவது கடிதத்தை நாங்கள் இருவரும் படித்திருந்தோம். நான் எழுந்திருப்பதற்குள் இவள் வாசலுக்குப் போய், "எங்க வீட்டுக்காரர் கையெழுத்துப் போடமாட்டார்" என்றாள்.

"என்னம்மா, வீட்டுக்காரரே நான்தானே?"

"அப்ப நீங்களே போட்டுக்குங்க."

மனிதர் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார்.

அந்த வீட்டில் குடியிருப்பது நீதான், நான் இல்லை என்று எழுதி உங்கள் சங்க வக்கீலுக்கு அனுப்பிவிட்டேன். அடுத்த கூட்டத்தில் நீயே எழுந்து சொல்.

ஜன்னலை இவள் இன்னும் மறக்கவில்லை. இருக்கிற ஜன்னலுக்கு ஒரு திரை தைத்து அனுப்பு. நீலம் கேட்கிறாள்.

உன் தம்பி