புதுசெண்டு வித்த ஹார்ட் டிஸ்க்

ஆவணி, வெள்ளிக்கிழமை.

கொம்பியூட்டருக்கு நம்பிப் போடக்கூடிய ஹார்ட் டிஸ்க் ஒண்டு தா எண்டு திருநெல்வேலிக் கடைக்காரனைக் கேட்டன். "பெட்டி உடைக்காத புதுசு அண்ணை, கண்ணை மூடிக்கொண்டு கொண்டுபோங்கோ" எண்டான். கொழுவின உடனை கரகரவெண்டு சத்தம். சந்தேகத்திலை, அழிச்ச ஃபைல்களை மீட்கிற சொஃப்ட்வெயரைப் போட்டுப் பாத்தன். ஆரோ தெரியாத ஆக்களின்ரை செத்தவீட்டு வீடியோ வந்துது. கனடாவிலை இருக்கிற மகனுக்கெண்டு எடுத்திருக்கினம். ஒரு மனுசி கமராவைப் பாத்து, "அப்பான்ரை முகத்தை வடிவாப் பார் ராசா" எண்டு குழறி அழுறா.

சீ! நான் பாக்கிற முகமே அது? கையைக் கழுவவேணும் போலை கிடந்துது.

நாளைக்கு அவன்ரை மூஞ்சையிலை எறிவம் எண்டு டிஸ்க்கைக் கழட்டேக்கைதான் நினைவு வந்துது. பழுதான என்ரை பழைய டிஸ்க்கை, "உது குப்பை அண்ணை, விட்டிட்டுப் போங்கோ" எண்டு வாங்கி வைச்சவனும் உவன்தான்.

அதுக்குள்ளையும் ஒரு செத்தவீடு கிடக்கு. எங்கடை அம்மான்ரை.