மாக்சிமின்ரை பேருக்கு முன்னாலை

மார்ச் 2, ஞாயிறு
மகள் கஜனி எனக்கு லாத்தெக் எண்ட கொம்ப்யூட்டர் எழுத்துமுறை பழக்கிறாள். பாரிசுக்குப் பக்கத்திலை, சென் தெனியிலை ஆராய்ச்சி செய்யிறவள். கட்டுரை, சிலைட் எல்லாம் அதிலைதானாம். நான் "லாடம்" எண்டுதான் சொல்லுவன். கோவம் வருது அவளுக்கு. வரட்டும்!
"வீதக் குறி (%) போட்டா, அந்த வரியிலை அதுக்குப் பிறகு இருக்கிறது ஒண்டும் அச்சிலை வராது அப்பா."
ஆகா. நக்கலடிக்கிறதுக்கெண்டே செய்த குறி.

மார்ச் 4, செவ்வாய்
அவள் குளிக்கேக்கை, அவளின்ரை கட்டுரைக்குள்ளை குறி போட்டு "ஆராய்ச்சிக்காரி, தலை சீவினனியோ?" எண்டு எழுதிவிட்டன். பின்னேரம் கண்டிட்டு "அப்பா!" எண்டு கத்தினாள். அவளுக்குச் சிரிப்பும் வந்துது.

மார்ச் 7, வெள்ளி
இண்டைக்கு, எழுதினவையின்ரை பேர் இருக்கிற இடம். கூட எழுதினது மாக்சிம் எண்டொரு பிரெஞ்சுப் பெடியன். அவன்ரை பேருக்கு முன்னாலை குறி போட்டு "எங்கடை வருங்கால மருமோன்" எண்டு எழுதினன். கதவுச் சத்தம் கேட்டுது, எழும்பி ஓடிட்டன்.

மார்ச் 8
கட்டுரை அனுப்பியாச்சாம். கடைசி நேர அவசரம், திருப்பிப் பாக்கேல்லையாம்.

மார்ச் 17, திங்கள்
கட்டுரை இணையத்திலை வந்திட்டுது. மாக்சிமின்ரை பேர் இல்லை. "வேணுமெண்டு எடுத்தனி" எண்டு போனை வைச்சிட்டானாம். வேலை நேர்முகத்துக்கு இதைத்தான் காட்ட இருந்தவனாம். கஜனி அழுகிறாள். "நான்தான் எங்கையோ பிழை விட்டிட்டன் அப்பா."
எனக்கு அந்த வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்துது. குறி போட்டனான், எழுதினனான் — பிறகு அடுத்த வரிக்குத் தட்டினனானோ? இல்லையே! என்ரை நக்கலுக்குப் பின்னாலை, அதே வரியிலை அவன்ரை பேர்.

மார்ச் 18
கஜனிக்குச் சொல்லேல்லை. ரூ பஜோல் தெருக் கோயிலுக்குப் போய்ப் பிள்ளையாரிட்டைச் சொன்னன். ஏன் கிழவா, அவரோ வந்து பேரைப் போடுவார்?

மார்ச் 19
சொல்லிப்போட்டன். கத்தேல்லை அவள்.
"நான் அவனிட்டை மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரிஞ்சன். நீங்கள் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள், என்ன?"


மார்ச் 20, வியாழன்
கஜனியோடை போய் மாக்சிமைக் கண்டன். என்ரை குசினி வேலையிலை பழகின பிரெஞ்சிலை "செ முவா, செ முவா", நான்தான் நான்தான் எண்டு அந்த வரியைக் காட்டினன். என்ன எழுதியிருக்கு எண்டு கேட்டான். பிரெஞ்சிலை சொல்லத் தெரியாத மாதிரி நிண்டன். கஜனியே சொன்னாள், நிலத்தைப் பாத்துக்கொண்டு. ஒருத்தரும் சிரிக்கேல்லை.

மார்ச் 29, சனி
இணையத்திலை மாக்சிமின்ரை பேரைச் சேத்திட்டினம். அவன் கஜனியோடை திரும்பக் கதைக்கிறானாம்.
அவளின்ரை கொம்ப்யூட்டர் இப்ப கடவுச்சொல் கேக்குது. நான் என்னெண்டு கேக்கேல்லை. எனக்கெண்டு பழைய கொம்ப்யூட்டரிலை வெறும் கோப்பு ஒண்டு திறந்து வைச்சிருக்கிறாள். அதுக்குள்ளை நான் என்னவும் எழுதலாமாம்.
அதை அவள் திறந்து பாக்கிறேல்லை.