ஜெரார்தோ பெயர் அவனுக்கே

பொத்தென்சா, இத்தாலி

என் வீட்டுக்காரருக்கு,

பெல்ஜியத்துச் சுரங்கத்தில் இறங்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள்: பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறான். உங்கள் மூக்கு.

முதல் ஆண்பிள்ளைக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர் என்பது நம் வழக்கம். அப்படித்தான் மூத்தவன் ஜெரார்தோ ஆனான். போன குளிரில் அவனைப் புதைத்தோம். இப்போது உங்கள் அம்மா, "அந்தப் பேரு அத்துப்போகக் கூடாதுடி, இவனுக்கே வை" என்கிறார்.

"அது என்ன அத்தை, அண்ணன் சட்டையா, தம்பிக்குப் போட்டுவிட?" என்று கேட்டேன். அதிலிருந்து என்னோடு பேச்சில்லை.

பங்குச் சாமியார் சமாதானம் பேச வந்தார்.

"ரெனாத்தோன்னு வைம்மா. லத்தீன்ல மறுபடி பொறந்தவன்னு அர்த்தம்."

"யாரு சாமி மறுபடி பொறந்தா? கல்லறையில போய்ப் பாருங்க."

பாவம், அவரிடமே வேறு பெயர்களுக்கும் அர்த்தம் கேட்டேன். தொனாத்தோ என்றால் கொடுக்கப்பட்டவனாம். இவன் தொனாத்தோதான். ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானத்தில் ஊர் காதில் விழும்படி அந்தப் பெயரைச் சொல்வேன். நீங்கள் வேண்டாம் என்று எழுதினாலும் சொல்வேன்.

ஊருக்கு வந்ததும் இரண்டு பேரையும் அவரவர் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். ஒருவன் தொட்டிலிலிருந்து திரும்பிப் பார்ப்பான். மற்றவன் இருக்கும் இடத்துக்கு நான் கூட்டிப்போகிறேன்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளை பெற்றவள்