முசியே ஷெர்வேயின் பூச்சியங்கள்

செயின்ட்-மிஷேல், மொன்றியல்
கார்த்திகை 28

அன்புள்ள தம்பி சாரங்கனுக்கு,

அக்கா எழுதுவது. நீயும் மச்சாளும் மகள் தனுஷாவும் மெல்பேர்னில் சுகமாக இருக்க வேண்டும். என் சுகத்தைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுவார் என்று சிரிக்காதே. வாட்ஸ்அப்பில் நான் எதை எழுதினாலும் பெருவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டு, "பேந்து கதைக்கிறன் அக்கா" என்று பிறகுக்குத் தள்ளிவிடுகிறாய். கடிதத்துக்குப் பெருவிரல் போட முடியாது பார்.

இங்கே பனி கொட்டத் தொடங்கிவிட்டது. கீழ்வீட்டு முசியே ஷெர்வே போன மாதம் காலமாகிவிட்டார். நான் வாடகைக்கு இருக்கிற வீட்டின் சொந்தக்காரர். இங்கே ஐயாவை முசியே என்பார்கள். தொண்ணூற்று மூன்று வயது. பின்னேரங்களில் சூப் கொண்டுபோய்க் கொடுத்து, அவருடைய குசினியில் அடுப்பருகே இருந்து கதைத்துவிட்டு வருவேன். என் பிரெஞ்சு அவருக்கு அரைவாசிதான் விளங்கும். ஆனாலும் ஒரு நாளும் கதை நின்றதில்லை. இப்போது கீழே வெளிச்சம் இல்லை. படியிறங்கவே மனமில்லை.

மனிதர் இளமையில் பேஸ்போல் விளையாடியவர். சம்பளத்துக்கு ஆடும் அணியில் ஒரேயொரு ஆட்டம், 1952இல், இந்த மொன்றியலிலேயே. அடுத்த நாள் பத்திரிகையில் வந்த ஆட்ட விவரத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் குசினியில் மாட்டியிருந்தார். யார் எத்தனை தடவை அடிக்க வந்தார், எத்தனை ஓட்டம் என்று ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் இலக்கங்கள். சின்ன வயதில் நீ கிரிக்கெட் ஸ்கோர்களை வெட்டி ஒட்டும்போது பசை பூசித் தந்தவள் நான்தானே, பார்த்தவுடன் வாசித்துவிட்டேன். அவர் பெயருக்கு நேரே எல்லாம் பூச்சியம். "என்ன முசியே, முட்டையோ?" என்று கேட்டுச் சிரித்தேன்.

மனிதருக்கு வந்ததே ஒரு கோபம்! கரண்டியைப் பிடித்து, உருளைக்கிழங்கு ஒன்றை மெல்லத் தட்டிக் காட்டினார். ஆட்டம் சமநிலையில், கடைசிக் கட்டத்தில் இருந்ததாம். முன்னால் நிற்கிறவன் ஓடி ஓரிடம் முன்னேறவேண்டும், அதற்காக நீ பந்தை இப்படித் தட்டிவிட்டு ஆட்டமிழந்துவிடு என்றாராம் பயிற்சியாளர். இவரும் அப்படியே செய்திருக்கிறார். அடுத்தவன் அடித்த அடியில் அந்த ஓடினவன் வந்துசேர, இவர்கள் வென்றார்கள். அப்படி வேண்டுமென்று ஆட்டமிழந்தால் அது அடிக்க வந்ததாகவே கணக்கில் சேராதாம். அதனால்தான் அந்த இடத்திலும் பூச்சியம். இது என்ன நியாயம் என்று நான் முழித்தேன். பிறகு அவர் அந்த விவரத்தின் கீழே விரலை வைத்துக் காட்டினார். விட்டுக்கொடுத்தவர் ஷெர்வே என்று பொடி எழுத்தில் ஒரு வரி. எழுபது வருடமாக அந்த வரியைத்தான் மாட்டி வைத்திருந்தார்.

சவ அடக்கம் முடிந்தபின் அவருடைய மகள் செலீன் அந்தச் சட்டத்தை எனக்குத் தந்துவிட்டாள். இப்போது என் குசினியில் இருக்கிறது.

அந்தக் கிழமைக்குள்ளேயே உன் அறுபதாவது பிறந்தநாள் வீடியோவைத் தனுஷா அனுப்பினாள். மண்டபம், கேக், உன் கோட்டு எல்லாம் வடிவு. அப்பா பதினெட்டு வயதில் யாருடைய உதவியும் இல்லாமல் தனியாக வந்தவர் என்று பிள்ளை அதில் சொல்கிறாள். அவளில் பிழை இல்லை. நீ சொன்னதைத்தானே சொல்வாள். நாட்டைவிட்டு ஒருவர்தான் போகலாம், அம்மாவோடு ஒருவர் நிற்கவேண்டும் என்று வந்தபோது, "அவன் போகட்டும் அம்மா, நான் நிக்கிறன்" என்றது யார்? பஸ்ஸில் ஏறும்போது, "பேந்து உன்னையும் கூப்பிடுறன் அக்கா" என்று சொன்னாய். அம்மாவின் கடைசிக் காரியங்களை முடித்து, நான் என்பாட்டில் இங்கே வந்துசேர நாற்பது வயது தாண்டிவிட்டது. கல்யாண வயதும் அதோடு போயிற்று. எனக்கு மேடையில் மாலை போடச் சொல்லவில்லை. ஆனால் நெஞ்சு நொந்துவிட்டது, தம்பி.

இனி என் சுகம். வயிற்றில் கட்டி. தை பிறந்ததும் ஒப்பரேஷன். லேசான விஷயம் இல்லை என்று டொக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். ஏதும் நடந்தால் யாருக்கு அறிவிப்பது என்று தாதி கேட்டாள். வாயில் வந்தது செலீனின் பெயர். நல்ல பெண்தான். ஆனால் எனக்கு எந்தத் தேவாரம் பாடவேண்டும், நெற்றியில் திருநீறு எப்படிப் பூசவேண்டும் என்று அவளுக்கு என்ன தெரியும்? என் முழுப்பெயரைச் சொல்லவே அவளுக்கு வராது. பயமாக இருக்கிறது.

தனுஷாவுக்கு என் முத்தம். வீடியோவில் எதையும் மாற்ற வேண்டாம். அன்றைக்கு பஸ்ஸடியில் நின்றது யார் என்று ஒருநாள் அவளுக்குச் சொல்லிவிடு.

நல்லூரான் உன்னையும் உன் வீட்டையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். வெளிக்கிட்டு வா என்று நான் கேட்கவில்லை. இந்தக் குளிரில் உனக்கு மூச்சிழுப்பு வரும். ஆஸ்பத்திரியில் கொடுத்த பெயரை மாற்றலாம் என்று தாதி சொன்னாள். உன் பெயரைக் கொடுக்கட்டுமா? ஓம் என்றால் ஓம், இல்லை என்றால் இல்லை, எதுவானாலும் எழுது. பேந்து என்று மட்டும் எழுதாதே, ராசா.

உன் அக்கா
ஜெகதீஸ்வரி