நான்காம் முளை

நவம்பர் 9
ஒலிவ் பறிப்பு தொடங்கிவிட்டது. மாமாவும் அத்தையும் காலையிலேயே தோப்புக்குப் போனார்கள். நானும் என் உதவியாளன் யூபாவும் எங்கள் ஊர்ச் சரிவு நகர்கிறதா என்று அளந்தோம். அவன் ஓடைக்கு அந்தப் பக்கம், பாறையில், கருவியோடு. நான் இந்தப் பக்கம், இரண்டு மீட்டர் கம்பை உச்சியில் கருவியின் ஒளியைத் திருப்பியனுப்பும் பிரிசத்தோடு ஒவ்வொரு முளை மேலும் நிறுத்திக்கொண்டு. செப்டம்பரில் அடித்த ஆறு இரும்பு முளைகள். ஐந்து அசையவில்லை. நான்காவது மட்டும் பத்தொன்பது மில்லிமீட்டர், ஓடைப் பக்கமாக.

நான்காவது இருப்பது எங்கள் சமையலறைச் சுவருக்குப் பின்னால்.

நவம்பர் 10
எங்கள் அளவை அலுவலகத் தலைவர் தாளை ஒரு முறைதான் பார்த்தார். "ரெண்டு மீட்டர் கம்பு, வர்தியா. கை கொஞ்சம் சாய்ஞ்சாலே உச்சியில ரெண்டு சென்டி போயிடும். இதை வெச்சு மூணு குடும்பத்தைக் கிளப்பச் சொல்றியா?"

போன வருஷம் அந்தக் கம்பைத் தேர்ந்தெடுத்ததே நான்தான். தாங்குகால் வைத்தது கனக்கும், மேடு ஏற அலுமினியம் போதும் என்று எழுதிக்கொடுத்தேன். ஏறத்தான் யோசித்தேன், நிற்க யோசிக்கவில்லை.

"நகர்வு உறுதியில்லை" என்று கையெழுத்துப் போட்டேன்.

நவம்பர் 13
சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். மழைக்காலம் முடியும்வரை வேறு இடம் பார்க்கலாமா என்றுதான் கேட்டேன்.

அத்தை கூஸ்கூஸ் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ரெண்டு வருஷமா டவுன்ல ஃப்ளாட், ஃப்ளாட்னு என் மகனை அரிச்சுக்கிட்டிருந்தே. அவன் அசையல. இப்ப மலையைச் சாட்சிக்குக் கூப்பிட்டுட்டே."

மாமா சொன்னது ஒன்றுதான். "நான் கட்டின வீடு நகராது."

அத்தை சொன்னது பொய்யில்லை. அதுதான் உறுத்துகிறது. என் கணவன் மொக்ரான், பாலைவனத்தில் எரிவாயு வயலில் கிடக்கிறான், மாதத்தில் பாதி நாள் நான் இவர்கள் இருவரோடு தனியாக. ஃப்ளாட் வேண்டும் என்று நூறு முறை கேட்டிருக்கிறேன். கம்பைப் பிடித்ததும் இதே கைதானே? ஆசை கையைச் சாய்க்குமா? எந்தப் பக்கம்?

நவம்பர் 14
மாமா என் கம்பை எடுத்து வரச் சொன்னார். முப்பது வருஷம் கொத்தனாராக இருந்தவர். வாசல் நிலையில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நூலோடு கம்பை ஒட்டி நிறுத்தினார். கம்பு நேராக நிற்கிறது; ஆனால் அதன் மட்டக் குமிழி வட்டத்தை விட்டுப் பாதி வெளியே. குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்தால் கம்பு சாய்கிறது.

பக்கத்து வீட்டு ரம்தான் வேலிமேல் கையை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பார்த்துக்கோ ரம்தான். கம்பே கோணல். இதைப் பிடிச்சுக்கிட்டு என் வீடு கோணல்னு சொல்ல வந்துட்டா."

ரம்தான் சிரித்தான். எனக்கு அழுகை வரவில்லை. ஒரு நிமிஷம் நிம்மதியாகக்கூட இருந்தது — அப்படியானால் வீடு நகரவில்லையோ? அடுத்த நிமிஷம் வெட்கம். பதினோரு வருஷத் தொழில். கிளம்பும்முன் குமிழியைச் சரிபார்க்கவில்லை.

நவம்பர் 17
மொக்ரான் போன். "அம்மாவைப் பகைச்சுக்காத." மண்ணைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

நவம்பர் 20
என்னோடு படித்த ஜூஹெர் துறைமுக வேலையில் இருக்கிறாள். அவளிடம் சின்னதை இரவல் வாங்கினேன். ஒரு சாண் நீளக் கம்பி, கூர்முனை, தலையில் அத்திப்பழம் அளவு பிரிசம்.

"குட்டையா இருக்கறது சாய்ஞ்சாலும் எவ்வளவுடி சாயும்?" என்றாள்.

சரிதான். இரண்டு மீட்டரில் விரலளவு வரும் தப்பு இதில் நூலளவு. இதை ஒரு வருஷம் முன்னால் யோசித்திருக்கலாம்.

நவம்பர் 22
செப்டம்பர் கணக்கு எல்லாம் குப்பை. புதிதாகத் தொடங்கினோம். முதல் சுற்றில் எல்லாமே பதினேழு மில்லிமீட்டர் தள்ளி வந்தன, ஓடைக்கு அப்பால், அசையாத குறியாகப் பாறையில் பதித்த ஆணியும் சேர்த்து.

"அக்கா, பாறை நகர்ந்திருந்தா நாம ரெண்டு பேரும் இப்ப ஓடையில கிடப்போம்" என்றான் யூபா. "பிரிசத்தை மாத்தினோம். எண்ணை மாத்தினோமா?"

மாற்றவில்லை. ஒவ்வொரு பிரிசத்துக்கும் ஒரு திருத்த எண் உண்டு. கருவியில் பழைய பெரிய பிரிசத்தினுடையதே இருந்தது. மாற்றினோம். ஆணி இருந்த இடத்துக்கு வந்தது. ஆறு முளைகளையும் மறுபடி எடுத்தோம்.

இனி நான்கு வாரம் பொறுக்க வேண்டும்.

டிசம்பர் 3
மழை.

டிசம்பர் 8
மழை. சமையலறைக் கதவு அடைய மறுக்கிறது. மாமா இழைப்புளியால் அதன் ஓரத்தைச் சீவினார். "மழைக்கு மரம் ஊதும்" என்றார். நான் ஒன்றுமே கேட்டிருக்கவில்லை.

டிசம்பர் 20
இன்று நான் எதையும் தொடவில்லை.

நேற்றே சொல்லிவிட்டேன்: "மாமா, கம்பியை நீங்க பிடிங்க. யூபா பார்க்கட்டும். நான் தள்ளி உட்கார்ந்துக்கறேன்." அவர் யோசிக்காமல் சரி என்றார். தன் ரசமட்டத்தை வேறு பையில் போட்டுக்கொண்டார்.

முதலில் பாறை ஆணி. பூஜ்யம். ஒன்று, இரண்டு, மூன்று — ஒரு மில்லிமீட்டர், இரண்டு. நான்காவது முளை மேல் மண்டியிட்டு, அதன் நடுக்குழியில் முனையை வைத்து, இரண்டு கையாலும் பிடித்தார். அசையவே இல்லை. அவர் அளவுக்கு நான் எந்த நாளும் பிடித்ததில்லை.

யூபா வயர்லெஸில் சொன்னான்: "இருபத்தேழு."

"இன்னொரு தடவை" என்றார். இருபத்தேழு. கம்பியை எடுத்து, முளையைத் துடைத்து, மறுபடி வைத்தார். இருபத்தாறு.

"எந்தப் பக்கம்?"

"ஓடைப் பக்கம், மாமா."

"நாலு வாரத்துலயா?"

"நாலு வாரத்துல."

எழுந்திருக்கவில்லை. ஈர மண்ணிலேயே உட்கார்ந்திருந்தார். அப்புறம் என்னைப் பார்க்காமல் சொன்னார். "கடைக்கால் தோண்டினப்ப இந்த மூலையில தண்ணி ஊறிச்சு. கல்லைப் போட்டு மூடினேன். இடம் மாத்தக் காசில்ல. உன் அத்தைக்குக்கூடத் தெரியாது. முப்பத்தோரு வருஷமா மழை பெய்யற ஒவ்வொரு நாளும் இந்த மூலையைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன்."

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். யூபா வயர்லெஸில் "அக்கா, ஐந்தாவதுக்குப் போகலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

டிசம்பர் 22
தாளைத் தலைவரிடம் கொடுத்தேன். கம்பி எது, பிரிசம் எது, திருத்த எண் என்ன, பிடித்தது யார் — எல்லாம் எழுதி. இந்த முறை நின்றுகொண்டே படித்தார். வெளியேற்ற உத்தரவு வரப் பத்து நாள் ஆகும் என்றார்.

மாமா காத்திருக்கவில்லை. மற்ற இரண்டு வீடுகளுக்கும் தானே போய், தண்ணீரை மூடிய கதையைச் சொல்லியிருக்கிறார். என் எண்ணுக்கு அசையாத ரம்தான் அதற்கு அசைந்தான். நாளைக்கே மனைவி, பிள்ளைகளோடு மாமனார் வீட்டுக்குப் போகிறானாம்.

அத்தை மாமாவோடு பேசுவதில்லை. என்னோடும்தான்.

ஜனவரி 6
டவுனில் மூன்றாம் மாடி. நான் இரண்டு வருஷம் கேட்டதேதான். சன்னலைத் திறந்தால் பேருந்துச் சத்தம். சந்தோஷப்பட முயன்றேன். முடியவில்லை. அத்தை பின்னாலிருந்து, "கிடைச்சுதா?" என்றார். அவ்வளவுதான்.

ஜனவரி 25
நான்காவது முளை இதுவரை நகர்ந்தது மொத்தம் ஐம்பத்தெட்டு மில்லிமீட்டர். வீடு நின்றுகொண்டுதான் இருக்கிறது. அத்தை திரும்பிப் போகலாம் என்கிறார். மாமா சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே தூங்குகிறார்.

சில நேரம் அந்த வீடு விழட்டும் என்று தோன்றுகிறது. இதை எழுதக் கூடாது. எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 11
மதியம் இரண்டரைக்கு. ரம்தான்தான் போன் செய்தான். சமையலறை, படிக்கட்டு, தோப்பில் பாதி ஓடைக்குள். மற்ற இரண்டு வீடும் வாய் பிளந்து நிற்கின்றன. யாருக்கும் ஒன்றுமில்லை.

மாமா ஏற்கெனவே ஊருக்குப் போயிருந்தார், எட்ட நின்று பார்க்க. அத்தை போகவில்லை. மேசையில் பயறு பொறுக்கிக்கொண்டிருந்தார். சொன்னேன். கை நிற்கவில்லை. பயறு முழுக்கப் பொறுக்கி முடித்தார். நான் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பும்போதுதான் பேசினார்.

"மேல் ஊர்ல என் தங்கச்சி வீடும் சரிவுலதான் இருக்கு. அங்க எப்ப வந்து அளப்பே?"

வியாழக்கிழமை என்றேன்.