"கொஞ்சம் தண்ணி விடுங்கோ"

மார்ச் 4, செவ்வாய். நெடுந்தீவு

காலை ஏழுக்கே வெயில். முன்பள்ளிக்குக் கொங்கிறீற் கூரை போடும் நாள். சீமெந்தோடு முதல் தடவையாக நனோ சிலிக்கா. கண்ணுக்கே பிடிபடாத நுண்துகள். கலவையைச் சீக்கிரம் இறுக்கும். தண்ணீரையும் குடித்துத் தள்ளும். முதல் கலவையில் பரிசோதனைக் கட்டிகள் ஆறு வார்த்தேன். அம்மாவுக்கு யாழ்ப்பாணத்தில் கிளினிக். மிச்ச வேலையை மேசனிடம் விட்டுவிட்டுப் பகல் படகு ஏறினேன்.

பாதிக் கடலில் மேசன் செல்வம் அண்ணையின் போன். "பிள்ளை, கலவை கெதியா இறுகுது. கரண்டி இறங்கேல்லை."

"கொஞ்சம் தண்ணி விடுங்கோ அண்ணை."

வாங்க: முட்டை, பேனை, அம்மாவின் பிரஷர் குளிசை.

மார்ச் 6, வியாழன்

காற்று. திரும்பி வரும் படகில் வாந்தி. கூரை அழகு. ஒரு வெடிப்பு இல்லை. செல்வம் அண்ணைக்குப் புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. ஆனால் வேலைக்கென்று கொண்டுவந்த நல்ல தண்ணீர்த் தாங்கி பாதிக்கு மேல் அப்படியே. ஏன் என்று கேட்டேன்.

"சனம் குடிக்கிற தண்ணியில சும்மா கை வைப்பனே? நீர் சொன்ன பிறகு கிணத்துத் தண்ணிதான் விட்டனான்."

"சவர் தண்ணியா?"

"தண்ணி எண்டுதானே சொன்னனீர். நல்ல தண்ணி எண்டு சொல்லேல்லையே."

அவர் பிழை இல்லை. இங்கே வெறும் தண்ணீர் என்றால் உப்புத்தான். தொழில்நுட்ப உத்தியோகத்தராக வந்து மூன்று வருடம், எனக்குத் தெரியாதா? உப்பு உள்ளே இருக்கும் கம்பியைத் தின்றுவிடும்.

மார்ச் 11, செவ்வாய்

ஏழாம் நாள். யாழ்ப்பாணத்தில் கட்டிகளை உடைத்துப் பார்த்தார்கள். எங்கள் பொறியியலாளர் போனில்: "வலு திறம். நனோ வேலை செய்யுது. கூரைக்குக் கீழ குடுத்த முட்டுகளைக் கழட்டலாம் எண்டு அறிக்கை எழுதும்."

பயமே இதுதான். கட்டியில் நல்ல தண்ணீர், கூரையில் உப்பு. உப்பும் சீமெந்தைச் சீக்கிரம் இறுக்கும். இப்போது சுத்தியலால் தட்டினாலும் கல் மாதிரித்தான் கேட்கும். எனக்கும் அண்ணைக்கும் தவிர ஒருவருக்கும் தெரியாது. சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால்? பேனை வாங்க மறந்துவிட்டேன்.

மார்ச் 12, புதன்

வானம் மப்பு. செல்வம் அண்ணையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவருடைய கடைசி மகளும் இந்த முன்பள்ளியில்தான் சேரப் போகிறாள். கூரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எப்ப விழும்?"

"இப்ப ஒண்டும் நடவாது. ஏழெட்டு வருஷத்தில கம்பி துருப்பிடிச்சு வீங்கும். பிறகு கட்டி கட்டியாக் கழண்டு விழும்."

"அப்ப என்ர பிள்ளை படிச்சு முடிச்சு வெளிக்கிட்டிடுவாள்." பெருமூச்சு விட்டார். பிறகு மெல்ல: "அப்ப உதுக்குள்ள ஆரின்ர பிள்ளையள் இருக்குங்கள்?"

அறிக்கையை எழுதினேன். சவர் தண்ணீர் கலந்தது, தண்ணீர் விடச் சொன்னது நான், கூரையை உடைத்துத் திரும்பப் போட வேண்டும். கையொப்பம். போனில் படம் எடுத்து அனுப்பியாயிற்று. பொறியியலாளர் அடுத்த படகில் வருகிறாராம். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.